ஒளி உணரி ஆம்ப்ளிஃபயரின் பேண்ட்விட்த்: வீட்டு மேசையிலேயே அளப்பது எப்படி?

ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடயோடும், அந்த மின்னோட்டத்தை அளக்கத்தக்க மின்னழுத்தமாக்கும் ஆப்-ஆம்ப் ஐசி ஒன்றும் வைத்து முதல் சர்க்யூட்டைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். டார்ச் அடித்தால் வெளியீடு ஏறுகிறது, கையால் மறைத்தால் இறங்குகிறது, சரி, வேலை செய்கிறது. அறையின் வெளிச்சத்தை அளக்க அது போதும். டிவி ரிமோட்டின் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைப் பிடிக்க வேண்டும், ஒளியில் ஏற்றி அனுப்பிய சிக்னலைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால் அடுத்த கேள்வி வந்துவிடும்: இந்த சர்க்யூட்டை எந்த அதிர்வெண் வரை நம்பலாம்?

அதற்கான எண்தான் பேண்ட்விட்த். குறைந்த அதிர்வெண்ணில் கிடைக்கும் வெளியீட்டை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அது 0.707 ஆகக் குறையும். டெசிபல் கணக்கில் மைனஸ் 3. அந்த அதிர்வெண்ணே பேண்ட்விட்த்.

வரையறை எளிது, அளப்பதில்தான் வம்பு. நீங்கள் ஆம்ப்ளிஃபயரை அளப்பதாக நினைப்பீர்கள். உண்மையில் அலைகளை உண்டாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர், எல்இடி, போட்டோடயோடு, ஆம்ப்ளிஃபயர், சர்க்யூட்டைத் தொடும் ப்ரோப், அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் என்று ஒரு வரிசை முழுவதையும் சேர்த்து அளக்கிறீர்கள். அதில் எது மிக மெதுவானதோ அதன் எண்தான் திரையில் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, ஆம்ப்ளிஃபயரைத் தவிர மற்றவை குற்றவாளி இல்லை என்று நிரூபிப்பதற்கே போகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே சர்க்யூட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். போட்டோடயோடு பிபிடபிள்யூ34, இரண்டு ஆப்-ஆம்ப் உள்ள டிஎல்072 ஐசியில் ஒரு பாதி, வெளியீட்டில் இருந்து மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 100 கிலோஓம், அதன் குறுக்கே 10 பிக்கோஃபாரட் கெபாசிட்டர். மின்சாரத்துக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், அதாவது பிளஸ் 9, மைனஸ் 9. டயோடின் கேத்தோடு ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டுக்கு, ஆனோடு கிரவுண்டுக்கு. பிளஸ் உள்ளீடும் கிரவுண்டுக்கு. இப்படி இணைத்தால் வெளிச்சம் கூடும்போது வெளியீடு பிளஸ் பக்கம் ஏறும். 1 மைக்ரோஆம்பியர் வந்தால் 0.1 வோல்ட்.

முதலில் காகிதத்தில்

எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாமல் அளக்கப் போகாதீர்கள். 60 கிலோஹெர்ட்ஸ் வந்தால் அது நல்ல எண்ணா, ஏதோ தவறா என்று சொல்ல எதுவும் இருக்காது.

பலரும் செய்யும் முதல் கணக்கு, டயோடின் கெபாசிட்டன்ஸையும் ஃபீட்பேக் ரெசிஸ்டரையும் 6.28-ஐயும் பெருக்கி, 1-ஐ அந்த விடையால் வகுப்பது. பிபிடபிள்யூ34-க்கு எதிர் மின்னழுத்தம் (கேத்தோடு பிளஸாக இருக்கும் மின்னழுத்தம்) எதுவும் தராதபோது கெபாசிட்டன்ஸ் சுமார் 70 பிக்கோஃபாரட். அதோடு 100 கிலோஓம் சேர்ந்தால் 23 கிலோஹெர்ட்ஸ் வரும். ஆப்-ஆம்ப் இல்லாமல் டயோடை நேராக ரெசிஸ்டரில் இணைத்திருந்தால் இந்த விடை சரி. இங்கே ஆப்-ஆம்ப் தன் மைனஸ் உள்ளீட்டை ஏறத்தாழ அசையாமல் பிடித்து வைக்கிறது. டயோடின் குறுக்கே மின்னழுத்தம் பெரிதாக மாறாததால் அந்த 70 பிக்கோஃபாரட்டை நிரப்பவும் காலி செய்யவும் வேண்டிய வேலை மிகவும் குறைகிறது. அதனால் வேகம் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பது ஆப்-ஆம்பின் கெயின் பேண்ட்விட்த் பெருக்கத்தை, அதாவது ஏறத்தாழ அதன் பெருக்கும் திறன் 1 ஆகக் குறையும் அதிர்வெண்ணைப் பொறுத்தது.

சூத்திரம் இது: கெயின் பேண்ட்விட்த் பெருக்கத்தை, 6.28 × ஃபீட்பேக் ரெசிஸ்டர் × உள்ளீட்டில் உள்ள மொத்த கெபாசிட்டன்ஸ் என்பதால் வகுத்து, வரும் விடைக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிஎல்072-வின் வழக்கமான டேட்டாஷீட் எண் 3 மெகாஹெர்ட்ஸ். டயோடின் 70-உடன் ஆப்-ஆம்பின் உள்ளீடு, வயர் எல்லாவற்றுக்கும் ஒரு 15 சேர்த்து 85 பிக்கோஃபாரட் என்று வைப்போம். விடை சுமார் 237 கிலோஹெர்ட்ஸ். முதல் கணக்கைவிடப் பத்து மடங்கு.

இந்த எண் தானாகக் கிடைத்துவிடாது. ஃபீட்பேக் கெபாசிட்டர் சரியாக அமைந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. ஃபீட்பேக் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்து உண்டாக்கும் முனை அதிர்வெண் (அவை இரண்டு மட்டும் இருந்தால் வெளியீடு 0.707 ஆகும் இடம்) மேலே கிடைத்த விடையில் 0.707 மடங்காக இருக்கட்டும். இங்கே 168 கிலோஹெர்ட்ஸ், அதாவது 9.5 பிக்கோஃபாரட். கடையில் கிடைப்பது 10, அதைப் போடுகிறோம். கெபாசிட்டரே போடாவிட்டால் அதிர்வெண்ணுக்கேற்ப வெளியீடு மாறும் வளைவில் ஒரு கூர்மையான மேடு எழும், சதுர அலை வெளியீட்டில் மணி அடித்தது போல அதிரும். பயந்துபோய் 33 போட்டால் பேண்ட்விட்த் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழுந்துவிடும்.

உங்கள் ஐசியின் பெயர் எச் என்ற எழுத்தில் முடிந்தால் கவனியுங்கள். அந்தப் புது வகையின் கெயின் பேண்ட்விட்த் பெருக்கம் 5.25 மெகாஹெர்ட்ஸ். எதிர்பார்ப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஐசியின் டேட்டாஷீட்டைத்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் முதலில் அகப்படுவதைப் பார்த்துப் பயனில்லை.

கட்டும் முறை

பிரெட்போர்டு வேண்டாம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையிலேயே சில பிக்கோஃபாரட் இருக்கும். நாம் 10 பிக்கோஃபாரட்டைக் கணக்குப் பார்த்துப் போட்டிருக்கிறோம், பிரெட்போர்டு அதில் மூன்றை இலவசமாகக் கூட்டிவிடும். ஃபீட்பேக் 1 மெகாஓம் என்றால் நிலைமை இன்னும் மோசம். குறுக்கே வெறும் 3 பிக்கோஃபாரட் இருந்தாலே 53 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது.

தாமிரத் தகடு ஒட்டிய வெறும் போர்டை எடுத்து, தகட்டையே கிரவுண்டாக வைத்து, ஐசியைக் கவிழ்த்துப் போட்டு, கால்களிலேயே பாகங்களை நேரடியாக சால்டர் செய்யுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், அளவு நன்றாக வரும். மைனஸ் உள்ளீட்டுக் கால், டயோடு, ஃபீட்பேக் ரெசிஸ்டர், கெபாசிட்டர் நான்கும் சந்திக்கும் இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. இரண்டு சப்ளை கால்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஐசியை ஒட்டியே வையுங்கள். பயன்படுத்தாத அடுத்த ஆப்-ஆம்பின் வெளியீட்டை அதன் மைனஸ் உள்ளீட்டோடும், பிளஸ் உள்ளீட்டைக் கிரவுண்டோடும் இணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மூடி போட்ட ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அளங்கள். டியூப்லைட் வெளிச்சம் 100 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. சில எல்இடி பல்புகளின் டிரைவர் பல பத்து கிலோஹெர்ட்ஸில் துடிப்பை விடுகிறது. அது நாம் தேடும் பேண்டுக்குள்ளேயே வந்து உட்காரும்.

ஒளி மூலத்தைத் தயார் செய்தல்

சாதாரணச் சிவப்பு எல்இடி போதும். வெள்ளை எல்இடி வேண்டாம். அதில் நீல ஒளியை மஞ்சளாக்கும் பாஸ்பர் பூச்சு மெதுவானது. 237 கிலோஹெர்ட்ஸுக்கு அது தாக்குப்பிடிக்கலாம், ஆனால் சந்தேகத்துக்கு இடமுள்ள ஒன்றை எதற்கு வரிசையில் நுழைக்க வேண்டும்?

ரிமோட்டில் வரும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியையும் முதல் அளவுக்குத் தவிர்க்கச் சொல்வேன், காரணம் வேறு. சிலிக்கனுக்குள் சிவப்பு ஒளி சில மைக்ரான் ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். 940 பக்கம் உள்ள ஒளி பல பத்து மைக்ரான் உள்ளே போகும். டயோடுக்கு எதிர் மின்னழுத்தம் தராதபோது அவ்வளவு ஆழத்தில் மின்புலம் இருக்காது. அங்கே பிறக்கும் மின்னூட்டங்கள் மெதுவாகப் பரவித்தான் மேலே வரவேண்டும். சதுர அலையில் இது நன்றாகத் தெரியும்: பெரும்பகுதி சட்டென்று ஏறும், கடைசிக் கொஞ்சம் ஊர்ந்து போகும். அந்த ஊர்தல் டயோடின் குணம், ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடக்கூடாது.

எல்இடியை இயக்கும் முறை: ஜெனரேட்டரின் வெளியீடு எல்இடியின் ஆனோடுக்கு, கேத்தோடில் இருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனை கிரவுண்டுக்கு. ரெசிஸ்டரைக் கிரவுண்ட் பக்கம் வைத்தால் அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை ஸ்கோப்பின் இரண்டாவது சேனலில் நேராகப் பார்க்கலாம். அதுவே எல்இடியில் ஓடும் மின்னோட்டத்தின் படம்.

ஜெனரேட்டரில் டிசி ஆஃப்செட் 3 வோல்ட், அதன் மேல் உச்சிக்கு உச்சி 1 வோல்ட் சைன் அலை. ஜெனரேட்டரின் உள் எதிர்ப்பு 50 ஓம், எல்இடியில் 1.8 வோல்ட் விழும் என்று கொண்டால் சராசரியாக 8 மில்லிஆம்பியர் ஓடும். சைன் அலை அதை இருபக்கமும் சுமார் 3 மில்லிஆம்பியர் அசைக்கும். எல்இடி ஒரு கணமும் முழுக்க அணையாது. இது முக்கியம். அணைந்து எரியும் எல்இடி சைன் அலையை வெட்டிவிடும். தவிர, எல்இடி அணைவதும் எரிவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஜெனரேட்டரின் மெனுவில் லோடு 50 ஓம் என்று இருந்தால் திரையில் காட்டுவதைப்போல இரு மடங்கு மின்னழுத்தம் வெளியே வரும். அதை ஹை-இசட் (மிகப் பெரிய எதிர்ப்பு) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது எல்இடி வேகமானதுதானா என்று பார்க்க வேண்டும். ஆப்-ஆம்ப் இல்லாமல், இன்னொரு பிபிடபிள்யூ34-ஐ எடுத்து, அதற்கு 9 வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்து, 1 கிலோஓம் ரெசிஸ்டரில் நேராக இணையுங்கள். டேட்டாஷீட்படி 10 வோல்ட், 1 கிலோஓமில் இந்த டயோடின் ஏறும் நேரம் 100 நானோவினாடி. பேண்ட்விட்த்தாகச் சொன்னால் சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸ். எல்இடியை டயோடோடு ஒட்டி வையுங்கள், சிக்னல் சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும். ஸ்கோப்பில் ஆவரேஜிங் போட்டு 1 கிலோஹெர்ட்ஸில் இருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் வரை பெரிய மாற்றம் இல்லை என்றால் எல்இடி தேறிவிட்டது. 300 கிலோஹெர்ட்ஸிலேயே சரிந்தால் வேறு எல்இடி தேடுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் அளந்து சொல்லும் எண் எல்இடியுடையதா, ஆம்ப்ளிஃபயருடையதா என்று அவர்களுக்கே தெரியாது.

ப்ரோப் விஷயம்

ப்ரோப்பை 10 மடங்கு (10X, சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும்) நிலையில் வையுங்கள். ஒரு மடங்கு நிலையில் கேபிளின் முழு கெபாசிட்டன்ஸ், 100 பிக்கோஃபாரட் அளவுக்கு, ஆப்-ஆம்பின் வெளியீட்டில் ஏறும். சில ஆப்-ஆம்ப் அந்தச் சுமையிலேயே அதிரத் தொடங்கும். அளக்கும் முன் ஸ்கோப்பின் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் ப்ரோப்பை மாட்டி, அதன் சிறு திருகைத் திருப்பி மேல் விளிம்பைத் தட்டையாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தப்பாக இருக்கும். உங்கள் வளைவின் நடுவில் காரணமில்லாமல் ஒரு படி தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டில் மட்டும் ப்ரோப்பை வைக்கவே கூடாது. 10 மடங்கு நிலையிலும் ப்ரோப் 10 முதல் 15 பிக்கோஃபாரட்டைச் சேர்க்கும். பார்க்கும் செயலே சர்க்யூட்டை மாற்றிவிடும்.

சைன் அலையோடு ஏறுதல்

எல்இடியையும் ஆம்ப்ளிஃபயரின் டயோடையும் சில சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே வையுங்கள். தூரத்தை மாற்றி, வெளியீட்டின் டிசி அளவு 1 அல்லது 2 வோல்ட் இருக்குமாறு பாருங்கள். சப்ளையை முட்டக்கூடாது. முதல் சேனலில் ஆம்ப்ளிஃபயர் வெளியீடு, இரண்டாவதில் 100 ஓம் ரெசிஸ்டர்.

1 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலின் உச்சிக்கு உச்சி அளவையும் குறித்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். அந்த விகிதம்தான் உங்கள் 1. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் விகிதத்தையே எழுதுங்கள், வெறும் வெளியீட்டை எழுத வேண்டாம். ஜெனரேட்டரின் அளவு மேல் அதிர்வெண்ணில் கொஞ்சம் குறைந்தாலும் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும்.

2, 5, 10, 20, 50, 100 கிலோஹெர்ட்ஸ் என்று தாவித் தாவிப் போகலாம். அங்கெல்லாம் பெரிய சுவாரசியம் இல்லை. 100-ஐத் தாண்டியதும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி எடுங்கள். 0.707-ஐ நெருங்கும்போது ஜெனரேட்டரின் குமிழைத் திருப்பி அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், அதைப்போல இரண்டு மடங்கு அதிர்வெண் வரை போங்கள்.

ஏன் என்றால் வளைவின் வடிவத்தில் செய்தி இருக்கிறது. கெபாசிட்டர் சரியாக அமைந்த நம் சர்க்யூட்டில் 120 கிலோஹெர்ட்ஸில் விகிதம் 0.97, 166-ல் 0.90, 237-ல் 0.707, 474-ல் 0.24 என்று வரவேண்டும் என்கிறது கணக்கு. கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் மட்டும் உள்ள சாதாரண ஆர்சி வடிகட்டியாக இருந்தால் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் 0.45 இருந்திருக்கும். உங்களுக்கு 0.45 பக்கம் வந்தால் ஃபீட்பேக் கெபாசிட்டர் தேவைக்கு அதிகம். எங்காவது 1-ஐ மீறி 1.2, 1.5 என்று எழுந்துவிட்டு விழுந்தால் கெபாசிட்டர் குறைவு. பாகங்களில் உள்ள சிதறல் காரணமாக 0.707 புள்ளி 237-க்குப் பதில் 200-லோ 270-லோ வந்தால் கவலைப்பட வேண்டாம். 60-ல் வந்தால் தேடுங்கள்.

மேல் அதிர்வெண்ணில் இருக்கும்போது ஓர் அட்டைத் துண்டை எல்இடிக்கும் டயோடுக்கும் நடுவே செருகுங்கள். சிக்னல் முழுக்க மறைய வேண்டும். ஏதாவது மிச்சம் நின்றால் அது ஒளி வழியே வரவில்லை. எல்இடியின் கம்பியில் இருந்து மைனஸ் உள்ளீட்டுக்குக் காற்றின் வழியாக மின்புலமாகவோ, கிரவுண்ட் வயர் வழியாகவோ நுழைகிறது. அதிர்வெண் கூடக்கூட இந்தக் கசிவும் கூடும் என்பதால் விழ வேண்டிய வளைவை விழாமல் தூக்கிப் பிடித்து, இல்லாத பேண்ட்விட்த்தைக் காட்டிவிடும். எல்இடிக்கும் டயோடுக்கும் நடுவே சிறு துளை போட்ட அலுமினியத் தாளை வைத்து, அதைக் கிரவுண்ட் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சதுர அலையில் ஒரு குறுக்கு விசாரணை

ஜெனரேட்டரை அப்படியே 20 கிலோஹெர்ட்ஸ் சதுர அலைக்கு மாற்றுங்கள். வெளியீடு 10 சதவீதத்தில் இருந்து 90 சதவீதம் வரை ஏற எடுக்கும் நேரத்தை அளங்கள். 0.35-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் பேண்ட்விட்த் கிடைக்கும். 237 கிலோஹெர்ட்ஸுக்கு 1.4 முதல் 1.5 மைக்ரோவினாடி. மேலே ஏறியதும் 4 சதவீதம் போலத் தாண்டிக் குதித்து அமர்ந்தால் கெபாசிட்டர் கச்சிதம். பல முறை அதிர்ந்து அடங்கினால் கெபாசிட்டரைக் கூட்டுங்கள்.

ஏறும் நேரங்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. எல்இடியின் நேரம் 100 நானோவினாடி, ஆம்ப்ளிஃபயரின் நேரம் 1440 என்றால் திரையில் 1443 தெரியும். கண்டுகொள்ளவே வேண்டாம். எல்இடிக்கே 1000 ஆனால் 1753 தெரியும், 20 சதவீதத்துக்கு மேல் பிழை. மூலம் மூன்று மடங்கு வேகமாக இருந்தால் பிழை 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும், முதல் அளவுக்கு அது போதும். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ஏறும் நேரம் 7 நானோவினாடிதான், இந்த வேலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சதுர அலையின் உயரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். ஏறும் நேரம் மாறாமல் இருந்தால் நல்லது. உயரத்தோடு சேர்ந்து நேரமும் குறைந்தால் நீங்கள் அளந்தது பேண்ட்விட்த் இல்லை, ஆப்-ஆம்பின் ஸ்லூ ரேட், அதாவது அதன் வெளியீடு மாறக்கூடிய உச்ச வேகம். டிஎல்072-வில் அது மைக்ரோவினாடிக்கு 13 வோல்ட் என்பதால் 1 வோல்ட் சிக்னலுக்கு இடிக்காது. பழைய, மெதுவான ஆப்-ஆம்ப் என்றால் இடிக்கும்.

ஒளியே இல்லாமல் ஒரு வழி

ஒளி வழியே வந்த எண்ணை இன்னொரு பாதையில் சரிபார்க்க முடிந்தால் நிம்மதி. ஜெனரேட்டரில் இருந்து நேராகச் சிறு மின்னோட்டத்தை மைனஸ் உள்ளீட்டில் செலுத்தலாம். பெரிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால் ஆயிற்று என்று தோன்றும். பெரிய ரெசிஸ்டருக்குள்ளும் 0.2 பிக்கோஃபாரட் போல ஒரு கெபாசிட்டன்ஸ் ஒளிந்திருக்கிறது. 10 மெகாஓமோடு சேர்ந்தால் 80 கிலோஹெர்ட்ஸிலேயே அது ரெசிஸ்டரைத் தாண்டிக் குறுக்கு வழி போட்டுவிடும். 1 மெகாஓம் என்றால் நம் சர்க்யூட்டில் 4 சதவீதப் பிழையோடு தப்பிக்கலாம்.

இதைவிட அழகான வழி, ஒளிந்திருக்கும் கெபாசிட்டன்ஸோடு சண்டை போடாமல் கெபாசிட்டரையே வேண்டுமென்று பயன்படுத்துவது. கெபாசிட்டரில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. முக்கோண அலை ஒரே வேகத்தில் ஏறி, ஒரே வேகத்தில் இறங்கும். ஆகவே முக்கோண அலையை ஒரு சிறு கெபாசிட்டர் வழியே செலுத்தினால் உள்ளே போவது சதுர வடிவ மின்னோட்டம். உச்சிக்கு உச்சி 10 வோல்ட், 50 கிலோஹெர்ட்ஸ் முக்கோண அலை மைக்ரோவினாடிக்கு 1 வோல்ட் வேகத்தில் நகர்கிறது. 1 பிக்கோஃபாரட் வழியே அது பிளஸ், மைனஸ் 1 மைக்ரோஆம்பியர். வெளியீட்டில் பிளஸ், மைனஸ் 100 மில்லிவோல்ட் சதுர அலை. அதன் ஏறும் நேரத்தை முன்போலவே அளக்க வேண்டியதுதான்.

1 பிக்கோஃபாரட்டுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். இன்சுலேஷன் உள்ள இரண்டு மெல்லிய வயர்களை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். சரியான மதிப்பு தெரிய வேண்டியதில்லை, நமக்கு வேண்டியது நேரம் மட்டுமே.

இந்த முறையில் போட்டோடயோடைக் கழற்றக் கூடாது. ஒளி வேண்டாமே என்று கழற்றிவிட்டு அளந்தால் 70 பிக்கோஃபாரட்டும் கூடவே போய்விடும். கிடைக்கும் எண் வேறு ஏதோ ஒரு சர்க்யூட்டுடையது. டயோடு இருக்கட்டும், பெட்டியை மூடி இருட்டாக்குங்கள்.

ஒளி முறை, மின் முறை இரண்டும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் எண்ணை நம்பி எழுதலாம். மின் முறை வேகமாகவும் ஒளி முறை மெதுவாகவும் காட்டினால் குற்றம் எல்இடியிலோ டயோடின் உள்ளேயோ இருக்கிறது. இரண்டும் மெதுவாகவே காட்டினால் ஆம்ப்ளிஃபயரில்தான்.

இரைச்சலை வைத்து அளப்பது

சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. ஒளியைத் துடிக்கவிடவே தேவையில்லை. பேட்டரியில் எரியும் இழை பல்பின் நிலையான ஒளி டயோடில் விழும்போது உண்டாகும் ஷாட் இரைச்சல் (மின்னோட்டம் தனித்தனி எலக்ட்ரான்களாக வருவதால் எழும் சிறு ஏற்ற இறக்கம்), நமக்கு வேண்டிய எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருக்கும். அது ஆம்ப்ளிஃபயர் வழியே வந்ததும் ஆம்ப்ளிஃபயரின் வளைவு வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எல்இடி, ஜெனரேட்டர் பற்றிய சந்தேகமே எழாது.

வெளியீட்டின் டிசி அளவு 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால்தான் ஷாட் இரைச்சல் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலை மிஞ்சும். 5 வோல்ட் வரும்வரை பல்பை அருகே கொண்டுபோனால் நம் சர்க்யூட்டில் பத்து மடங்கு மிஞ்சும். ஆப்-ஆம்பின் சொந்த இரைச்சல் மேல் அதிர்வெண்ணில் எழும் என்பதால் இருட்டில் ஒரு முறை அளந்து, எடைபோடும்போது பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல அதைக் கழிக்க வேண்டும். கழிப்பது பவரில், மின்னழுத்தத்தில் அல்ல. மொத்த இரைச்சலே 0.2 மில்லிவோல்ட் அளவுதான். சாதாரண ஸ்கோப்பில் சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி வசதி இதைப் பார்க்கத் திணறும், நடுவில் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால்

முதலில் டயோடுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுங்கள். பிபிடபிள்யூ34-க்கு 3 வோல்ட் கொடுத்தாலே கெபாசிட்டன்ஸ் 70-ல் இருந்து 25 பிக்கோஃபாரட்டுக்கு இறங்கும். மொத்தம் 40 என்று வைத்துப் பழைய சூத்திரத்தில் போட்டால் 345 கிலோஹெர்ட்ஸ். ஃபீட்பேக் கெபாசிட்டரையும் 6.5 பக்கம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைத்த வேகம் அங்கேயே தின்னப்பட்டுவிடும். இருட்டிலும் சில நானோஆம்பியர் கசியும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. வேகமான ஆப்-ஆம்ப் அடுத்த வழி, ஆனால் வர்க்கமூலம் குறுக்கே நிற்பதால் நான்கு மடங்கு வேகமான ஐசி வாங்கினால் இரண்டு மடங்குதான் கிடைக்கும்.

அளந்த எண்ணை எழுதும்போது டயோடின் பெயர், எதிர் மின்னழுத்தம், ஒளியின் நிறம், ஃபீட்பேக் மதிப்புகள், வெளியீட்டின் உயரம் எல்லாவற்றையும் கூடவே எழுதுங்கள். எல்இடி டேட்டாஷீட்டில் உள்ள பேண்ட்விட்த்தோடு ஒப்பிடும்போது மட்டும் எச்சரிக்கை. அங்கே பல இடங்களில் ஒளியின் பவர் பாதியாகும் புள்ளியை 3 டெசிபல் என்பார்கள். ஒளி பாதியானால் நம் வெளியீட்டு மின்னழுத்தமும் பாதியாகும், நம் கணக்கில் அது 6 டெசிபல். நம்முடைய 3 டெசிபல் அதற்கு முன்பே, ஒளி 0.707 ஆகும் இடத்திலேயே வந்துவிடும்.

பல மெகாஹெர்ட்ஸை எட்டும் சர்க்யூட்டுக்கு எல்இடி போதாது, லேசர் டயோடு வேண்டும். மலிவான லேசர் பாயின்டர் மாட்யூலை அப்படியே பயன்படுத்த முடியாது. அதற்குள் இருக்கும் டிரைவரும் கெபாசிட்டரும் துடிப்பை விழுங்கிவிடும். வெறும் லேசர் டயோடை எடுத்து, எரியத் தொடங்கும் மின்னோட்டத்துக்கு மேலேயே எப்போதும் நிறுத்தி, அதன் மேல் சிறிய துடிப்பை ஏற்ற வேண்டும். கற்றையைக் கண் மட்டத்தில் வைக்காதீர்கள். டயோடின் பளபளப்பான முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் இது பொருந்தும்.